மழை இரவில் பிள்ளை கேட்கும் கேள்வி

பிள்ளை தூங்க மறுக்கிறது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. குசினியில் கழுவாத பாத்திரங்கள் கிடக்கின்றன. விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். அந்த நேரத்தில் நம் வாயில் முதலில் வந்து நிற்பவன் யார்? கோணி பில்லாதான்! "கண்ணை மூடுங்க, கோணி பில்லா சாக்கோடு நிற்கிறான்" என்கிறோம். பிள்ளை பட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறது. வேலை முடிந்தது என்று நாம் எழுந்து போகிறோம்.

ஆனால் வேலை முடியவில்லை, சகோதரிகளே. பிள்ளை கண்ணைத்தான் மூடியது, தூங்கவில்லை. கதவுக்கு அப்பால் சாக்கோடு ஒருவன் நிற்கிறான் என்று அதற்குச் சொன்னது வேறு யாருமல்ல, உலகத்திலேயே அது அதிகம் நம்புகிற உம்மா! பிறகு நடு இரவில் அது வீறிட்டு அழும்போது, "என்ன பயம்? அங்கே ஒன்றுமில்லை" என்று அதே உம்மா சொன்னால் அந்தச் சின்ன மூளை எதை நம்பும்?

எங்கள் ஊவாப் பகுதியில் இரவைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. சிங்களக் கிராமத்தில் கோணி பில்லா, தோட்டத்து லயத்தில் முனியும் மோகினியும், டவுனில் ஊசி போடும் டொக்டரும் பிடித்துக்கொண்டு போகும் பொலிஸ்காரரும். பெரியவர்களும் இந்தப் பயத்துக்குத் தப்பியவர்கள் அல்லர். 2011 ஆகஸ்ட் மாதத்தில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி மலையகத்திலும் கிழக்கிலும் பரவியது நினைவிருக்கிறதா? உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்க வருகிறான் என்று சொன்னார்கள். மாலை ஐந்தரைக்கே கதவுகள் சாத்தப்பட்டன. ஆண்கள் பொல்லுத் தடிகளோடு காவல் நின்றார்கள். அப்போது நான் ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறீஸ் பூதத்தை எந்தப் பிள்ளையும் கண்டதில்லை. ஆனால் உம்மாவின் கை நடுங்கியதை எல்லாப் பிள்ளைகளும் கண்டிருந்தன. அந்த மாதம் பகலில்கூட மலசலகூடத்துக்குத் தனியே போக மறுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பிள்ளையின் பயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

நபியவர்கள் காட்டிய வழி

விளையாட்டுக்குக்கூட ஒருவரைப் பயமுறுத்துவதை நமது மார்க்கம் விரும்பவில்லை. ஒரு பயணத்தில், உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது கூறியதை அபூதாவூதில் காண்கிறோம். வளர்ந்த மனிதருக்கே இந்த மரியாதை என்றால், நம் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு எவ்வளவு?

மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளும்படி சொல்லும் ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். பலர் அதன் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "வெளியே ஷைத்தான் நிற்கிறான்" என்று பிள்ளையை மிரட்டப் பயன்படுத்துகிறோம். சிறிது நேரம் கழிந்ததும் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்றும் அதே ஹதீஸ் சொல்கிறது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை மூடுவதையும், பாத்திரத்தை மூடிவைப்பதையும், விளக்கை அணைப்பதையும் அது கற்றுத்தருகிறது. அப்படிப் பார்த்தால், வீட்டை ஒழுங்காக மூடிவைத்து நிம்மதியாக உறங்கப் போகும் ஒரு பழக்கத்தையல்லவா நபியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

தம் பேரப்பிள்ளைகளான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் நபியவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதுவார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்கள் இஸ்மாயீலுக்கும் இஸ்ஹாக்குக்கும் ஓதிய துஆ அது என்று புகாரியில் வருகிறது. சற்று யோசித்துப் பாருங்கள். தீங்கு என்று உலகில் ஒன்றுமே இல்லை என்று அந்த துஆ சொல்லவில்லை. தீங்கு உண்டு, ஆனால் அதிலிருந்து காக்க ஒருவன் இருக்கிறான் என்றுதான் சொல்கிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு 2025 நவம்பருக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாப் பயமும் ஒன்றல்ல

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை பிள்ளையின் கற்பனை வேகமாக வளரும் காலம். கயிற்றில் தொங்கும் வாப்பாவின் சாரன் இரவில் ஆளாகத் தெரிவது அதனால்தான். இது நோயுமல்ல, கோழைத்தனமுமல்ல. "ஆம்பிளப் பிள்ளைக்கு என்ன பயம்?" என்று கேலி செய்தால் பயம் போகாது. பயத்தை நம்மிடம் சொல்லும் வழக்கம்தான் போகும்.

இரவில் அழும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. கெட்ட கனவு கண்ட பிள்ளை பெரும்பாலும் விடியலை ஒட்டிய நேரத்தில் எழும்பும். நம்மை அடையாளம் காணும், கட்டிப்பிடிக்கும், கண்டதைச் சொல்லும். அதை அணைத்து, இரண்டு வார்த்தை பேசி, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தால் போதும்.

இரண்டாவது வகைதான் தாய்மாரைப் பெரிதும் கலங்கடிப்பது. தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை திடீரென்று அலறி எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், ஆனால் உம்மாவையே தெரியாது. வியர்த்துக் கொட்டும். தொட்டால் தட்டிவிடும். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. "ஏதோ பிடித்துவிட்டது" என்று வீடே அல்லோலகல்லோலப்படும். உண்மையில் பிள்ளை இன்னும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வெளியே வரவில்லை. உலுக்கி எழுப்பக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் தானே படுத்துவிடும். வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். களைப்பு இதைக் கூட்டும் என்பதால் அப்படிப்பட்ட பிள்ளையை அரை மணி முந்திப் படுக்கவைப்பது நல்லது.

சத்தங்களுக்குப் பெயர் வைத்தோம்

என் மகளுடைய மகனுக்கு ஐந்து வயது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், தேயிலை மலை ஒன்றின் அடியில் எங்கள் வீடு. தகரக் கூரை. ஒரு பூச்சி விழுந்தாலும் கேட்கும். நாலு வயதில் அவனுக்கு அந்தச் சத்தங்கள் எல்லாமே பேயாக இருந்தன.

"ஒன்றுமில்லை, படுங்க" என்று சொல்லாமல், "அது என்ன சத்தம் என்று இரண்டு பேரும் பார்ப்போமா மகன்?" என்று கேட்டேன். இஷாவுக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் உட்காருவான். கூரையில் ஓடுவது மரநாய். மலையில் 'கொக்' 'கொக்' என்று குரைப்பது கேளையாடு. 'டிக்' 'டிக்' என்பது வெயிலில் சூடேறிய தகரம் குளிரில் சுருங்கும் சத்தம். ஒவ்வொன்றுக்கும் பெயர் கிடைத்ததும் பயம் ஒரு படி இறங்கியது. இரண்டு வாரத்தில், "மரநாய்க்கு இன்றைக்கு அவசரம்" என்று எனக்கே சொல்லத் தொடங்கினான்.

டோர்ச் லைட்டை அவன் கையிலேயே கொடுத்தோம். அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அவனே அடித்துப் பார்க்கட்டும். ஆனால் நாங்கள் பேயைத் தேடிப் பார்த்து "போய்விட்டது" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் முதலில் அங்கே பேய் இருந்தது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா?

படுக்கும் ஒழுங்கும் தினமும் ஒன்றாக இருந்தது. பல் துலக்கல், மலசலகூடம், வுழூ, மூன்று குல் சூராக்களையும் ஓதி உள்ளங்கையில் ஊதி உடம்பில் தடவிக்கொள்ளல். நாங்கள் அவன்மேல் ஓதி ஊதியதோடு நிற்கவில்லை. அவனையே ஓதவைத்து, அதன் பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுத்தோம். அப்போதுதான் அந்த துஆ பிள்ளையின் சொந்தப் பொருளாகிறது. நாம் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அது அவனோடு இருக்கும்.

பிறகு மகள் கட்டிலருகே உட்காருவாள். சில நாட்களுக்குப் பிறகு நாற்காலி வாசலுக்கு நகர்ந்தது. இன்னும் சில நாட்களில் பக்கத்து அறைக்குப் போனது. "ஐந்து நிமிடத்தில் வந்து பார்ப்பேன்" என்றால் ஐந்தாவது நிமிடத்தில் வந்து நிற்பாள், அவன் தூங்கியிருந்தாலும் சரி. சொன்ன சொல் தவறாமல் இருப்பதே இந்த மருந்தின் பாதி.

மலை விழுமா?

இப்படி ஒருவாறு தேறிவந்த பிள்ளையின் முன்னால்தான் 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதை இல்லை, கரண்ட் இல்லை, ரயில் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எதிர்ப்பக்க மலையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்றிலிருந்து தகரத்தில் மழை விழுந்தால் போதும், எழும்பி உட்கார்ந்துவிடுவான். படுக்கையை நனைத்தான். உம்மாவின் முந்தானையை விடமாட்டான். ஒரு நாள் கேட்டான்: "உம்மும்மா, எங்கட மலையும் விழுமா?"

பக்கத்து வீட்டுப் பெண் அன்போடு, "விழாது மகன், படுங்க" என்றார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். நானும் அதையே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் மரநாய்ச் சத்தத்தைப் போன்றதல்ல இது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் அறிவோம். ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வந்த சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. மலை விழாது என்று எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் அந்த துஆவின் பொருள் எனக்கு விளங்கியது. தீங்கு இல்லை என்று பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை. காவல் இருக்கிறது என்று சொன்னால் போதும், அந்தக் காவலில் நம் பங்கையும் செய்து காட்டினால் போதும். நான் சொன்னேன்: "சில மலைகள் பெரிய மழையில் விழும் மகன். விழ முந்தி நாங்கள் போய்விடுவோம். எப்போது போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வாங்க, நாங்களும் பார்ப்போம்."

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாகத் தருகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும்.

மருமகன் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, பக்கங்கள் நேராக இருக்கும்படி எடுத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று வைத்து, அதிலிருந்து அடிமட்டத்தால் கோடு போட்டார். 75க்கு மஞ்சள், 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு. மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அது நிற்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு எத்தனை என்று பார்த்து, பூச்சியம் வரை ஊற்றிவிடுவது பேரனின் வேலை. எழுதத் தெரியாதவன் எண் எழுதப் பழகியது இதில்தான்!

இது வீட்டுக் கணக்குத்தான். அதிகாரிகள் போகச் சொன்னால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று, இறுகிப்போன கதவு இவற்றில் எதைக் கண்டாலும் மழையின் அளவுக்குக் காத்திருக்காமல் விலகிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எங்கள் கதவில் பெரிதாக ஒட்டியிருக்கிறது.

வயதான என் கணவருக்கு வேகமாக நடக்க முடியாது. ஆகவே 100லேயே புறப்படுவதென்று வீட்டில் முடிவெடுத்தோம். போகும் இடம் டவுனில் என் தங்கையின் வீடு. ஒரு பை எப்போதும் கதவருகே இருக்கும். அடையாள அட்டைகள், மருந்து, டோர்ச், உடுப்பு. அதில் அவனுடைய பொருள் ஒன்றை அவனே வைத்தான், சக்கரம் ஒன்று கழன்ற லொறி.

பிறகும் கேள்வி நிற்கவில்லை. "எல்லாரும் தூங்கினா போத்தல யார் பார்க்கிற?" பெரியவர்கள் நினைத்துப்பார்க்காத நியாயமான கேள்வி! "மழை இரவில் வாப்பாவும் உம்மும்மாவும் முறை வைத்து விழித்திருப்போம். உங்கட முறை காலையில்" என்றோம். விழித்தும் இருந்தோம்.

ஒரே இரவில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பல வாரங்கள் எடுத்தது. மழை பெய்தால் எழும்புவான். ஆனால் அழாமல், "எத்தன?" என்று கேட்பான். "முப்பது" என்றால் புரண்டு படுத்துவிடுவான். பின்னர் ஓர் இரவு போத்தல் செம்மஞ்சளைத் தொட்டது. சொன்னபடியே புறப்பட்டோம். நெஞ்சு படபடத்தது எங்களுக்குத்தான். அவன் தன் சப்பாத்தைத் தானே போட்டுக்கொண்டு, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மலை விழவில்லை. மறுநாள் திரும்பி வந்தோம். அந்த இரவுக்குப் பிறகு படுக்கை நனையவில்லை. நாங்கள் சொன்னதைச் செய்வோம் என்று கண்டுகொண்டான்.

லயத்துச் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும்

பிள்ளைக்குத் தனி அறை என்று எழுதும் புத்தகங்கள் தோட்டத்து லயத்துக்கு உதவா. ஒரே காம்பிராவில் குடும்பமே படுக்கிறது. அது குறையல்ல. பயந்த பிள்ளைக்கு மனிதர் மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்பது பெரிய ஆறுதல். அங்கே பிள்ளையின் பயம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது. மலசலகூடத்துக்கு இருட்டில் இறங்கிப் போக வேண்டும். பயத்தில் அடக்கிக்கொண்டு படுத்து, இரவில் நனைத்துவிடும். காலையில் அடி விழும். அடிப்பதை விட்டு, படுக்க முன் ஒரு பெரியவர் விளக்கோடு கூடப் போய் வருவதே மருந்து.

விளக்கு என்றதும் இன்னொன்று. கரண்ட் இல்லாத இரவில் குப்பி லாம்பைப் பிள்ளையருகே எரியவிட்டுத் தூங்காதீர்கள். அது சரிந்து எரிந்த பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். அந்தக் காயங்களைக் கண்டு மனம் வெதும்பிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத குட்டையான கண்ணாடி விளக்கு ஒன்றை அமைத்து, அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். ஒரு சின்ன டோர்ச் அதைவிடவும் பாதுகாப்பு.

எவ்வளவு செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளை தூங்காவிட்டால், சாப்பாடு குறைந்தால், பேச்சு நின்றால், நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடிக்கொண்டிருந்தால் தாமதிக்காதீர்கள். ஓதிய தண்ணீர் கொடுப்பவர்கள் கொடுங்கள், அதோடு வைத்தியரிடமும் போங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை. உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொன்னால் வழி காட்டுவார். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குப் போகிறோம் அல்லவா?

இன்றிரவு உங்கள் பிள்ளை எதையாவது காட்டிப் பயப்பட்டால், முதலில் அது என்ன என்று கேளுங்கள். கற்பனையா, பக்கத்திலுள்ள சத்தமா, உண்மையான ஆபத்தா? கற்பனைக்கு வெளிச்சமும், சத்தத்துக்குப் பெயரும், ஆபத்துக்கு ஆயத்தமும் கொடுங்கள். மூன்றுக்கும் உங்கள் துஆவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோணி பில்லாவை மட்டும் வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள்.

அந்த நவம்பர் மழையில் உம்மாவையும் வாப்பாவையும் இழந்து, யாருடைய வீட்டிலோ படுத்துறங்கும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் அமைதியான இரவுகளைத் தருவானாக. ஆமீன்.